பழைய மடிக்கணினியில் வன்தட்டு ஒத்துவராதபோது: பழுது எங்கே என்று கண்டறிந்து சரிசெய்யும் முழுமையான வழிகாட்டி

பழைய மடிக்கணினியில் வன்தட்டு ஒத்துவரவில்லை என்று சொல்லும்போது, நாம் உண்மையில் நான்கு வெவ்வேறு பழுதுகளை ஒரே பெயரால் அழைக்கிறோம். தட்டுக்கும் தாய்ப்பலகைக்கும் இடையே மின்தொடர்பு சரியாக அமையாதது ஒன்று. தொடர்பு அமைந்தும் தட்டின் முழுக் கொள்ளளவை பயாஸால் (கணினியை இயக்கியதும் முதலில் ஓடி, உறுப்புகளைக் கண்டறியும் அடிப்படை நிரல்) எண்ண முடியாமல் போவது இரண்டாவது. எண்ண முடிந்தும், தன் பட்டியலில் இல்லாத தட்டு என்று பயாஸே தடை சொல்வது மூன்றாவது. எல்லாம் சரியாக இருந்தும் இயங்குதளம் துவங்க மறுப்பது நான்காவது. இவை ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. எந்த இடத்தில் தடை என்று தெரியாமல் அமைப்புகளை மாற்றிக்கொண்டே போனால், முதலில் இருந்த ஒரு பழுதோடு நாமே உண்டாக்கிய இரண்டு பழுதுகளும் சேர்ந்துகொள்ளும்.

தொடங்கும் முன்

பழைய தட்டு இன்னும் இயங்குகிறது என்றால், அதிலுள்ள கோப்புகளை வேறிடத்தில் நகலெடுத்த பிறகே வேலையைத் தொடங்குங்கள். அடுத்து பயாஸுக்குள் சென்று, சாட்டா முறை (தட்டோடு கணினி பேசும் விதம்), பூட் வரிசை (எதிலிருந்து முதலில் துவங்குவது), பூட் வகை ஆகியவை இப்போது எப்படி இருக்கின்றன என்பதைக் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இதைச் செய்ய ஒரு நிமிடம்தான் ஆகும். செய்யாமல் விட்டதால் ஒரு முழு மாலை வீணான அனுபவம் எனக்கு உண்டு. மின்கம்பியைப் பிடுங்கி, மின்கலத்தையும் கழற்றிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும். மின்கலத்தைக் கழற்ற முடியாத மாதிரியாக இருந்தால், உள்ளே சென்றதும் முதல் வேலையாக அதன் இணைப்பை விடுவியுங்கள்.

முதல் படி: பயாஸ் என்ன சொல்கிறது என்று பாருங்கள்

தட்டைப் பொருத்திவிட்டுக் கணினியை இயக்கி, எஃப்2, எஃப்1, எஃப்10, டெலிட் ஆகியவற்றில் உங்கள் மாதிரிக்குரிய விசையை அழுத்தி பயாஸுக்குள் நுழையுங்கள். இயங்குதளம் காட்டும் பிழைச்செய்தியை இப்போதைக்கு மறந்துவிடலாம். நமக்கு வேண்டியவை இரண்டே தகவல்கள்: தட்டின் மாதிரிப் பெயர் தெரிகிறதா, அதன் கொள்ளளவு சரியாக இருக்கிறதா.

பெயரே தெரியவில்லை என்றால் பழுது இணைப்பில் இருக்கிறது. விண்டோஸை எத்தனை முறை நிறுவினாலும் பயன் இல்லை. பெயர் தெரிந்து அளவு குறைவாகக் காட்டினால் அது முகவரி எண்ணிக்கையின் எல்லை. பெயரும் அளவும் சரி, ஆனால் பூட் ஆகவில்லை என்றால், தட்டைக் கழற்றி மாட்டுவதை நிறுத்திவிட்டு ஐந்தாம் படிக்குச் செல்லுங்கள். பெயரில் எழுத்துகள் சிதறி, பொருளற்ற குறிகள் கலந்து வந்தால், தரவுக் கம்பிகளில் ஏதோ ஒன்று தொடவில்லை அல்லது ஒரு பின் வளைந்திருக்கிறது என்று கொள்ளலாம். இந்த அறிகுறி ஐடிஇ என்னும் பழைய இணைப்பு வகைத் தட்டுகளில்தான் பெரும்பாலும் தென்படும்.

இரண்டாம் படி: தட்டு தெரியவே இல்லை என்றால்

மடிக்கணினியின் வயது இங்கே முதல் துப்பு. ஐடிஇக்குப் பின் வந்த சாட்டா என்னும் இணைப்பு முறையின் முதல் வரையறை 2003-ல் வெளிவந்தது. மடிக்கணினிகளில் அது பரவலாவதற்கு மேலும் இரண்டு மூன்று ஆண்டுகள் ஆயின. ஆகவே 2005-க்கு முந்தைய கணினி என்றால் உள்ளே இருப்பது பெரும்பாலும் ஐடிஇ தட்டு. 2.5 அங்குல ஐடிஇ தட்டில் இரண்டு வரிசையாக 44 பின்கள் உண்டு. மின்சாரமும் அவற்றின் வழியாகவே செல்கிறது. சாட்டா தட்டிலோ தரவுக்கு 7 தொடுமுனைகளும் மின்சாரத்துக்கு 15 தொடுமுனைகளும் இரண்டு தட்டையான நாக்குகளாக அமைந்திருக்கும். ஒன்றை மற்றொன்றின் இடத்தில் மாற்றுச்சில்லு இல்லாமல் பொருத்தவே முடியாது.

ஐடிஇ தட்டில் மிகச் சாதாரணமாக நேரும் தவறு ஒன்று உண்டு. 44 பின்களுக்குப் பக்கத்தில் சிறு இடைவெளி விட்டு மேலும் நான்கு பின்கள் இருக்கும். அவை தட்டு முதன்மையா துணையா என்பதைக் குறிக்கும் ஜம்பர் என்னும் சிறு இணைப்பு மூடிக்கானவை. இணைப்பியை ஒரு பின் தள்ளிப் பொருத்திவிட்டால் தட்டு தெரியாது என்பதோடு, மின்சாரம் தவறான பின்னில் பாய்ந்து தட்டே பாழாகவும் கூடும். 20-ஆம் பின் இருக்க வேண்டிய இடம் வேண்டுமென்றே காலியாக விடப்பட்டிருக்கிறது. இணைப்பியில் அடைபட்டிருக்கும் துளை அந்தக் காலியிடத்துக்கு நேராக வருகிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். ஜம்பர் எதுவும் போடாத தட்டு பொதுவாக முதன்மைத் தட்டாகவே நடந்துகொள்ளும்.

பல பழைய மாதிரிகளில் தட்டின் பின்கள் நேரடியாகத் தாய்ப்பலகையில் செருகப்படுவதில்லை. நடுவே ஒரு சிறிய இணைப்புத் துண்டு இருக்கும். பழைய தட்டைக் கழற்றும்போது அது தட்டோடு ஒட்டிக்கொண்டே வந்துவிடுவதால், அது தட்டின் ஒரு பகுதி என்று எண்ணி ஒதுக்கி வைத்துவிடுகிறோம். புதிய தட்டு ஆழமாகச் செல்லாமல் நடுவிலேயே நிற்கிறது என்று தோன்றினால், பழைய தட்டின் முனையை ஒருமுறை உற்றுப் பாருங்கள்.

அடுத்தது பருமன். பழைய தட்டுகள் 12.5 மிமீ அல்லது 9.5 மிமீ தடிமன் கொண்டவை. இப்போது கிடைப்பவை பெரும்பாலும் 7 மிமீ. மெல்லிய தட்டு அகன்ற இடத்தில் தளர்ந்து நின்று, இணைப்பியிலிருந்து அரை மில்லிமீட்டர் விலகினாலே தொடர்பு அறுந்துவிடும். தட்டோடு வரும் பிளாஸ்டிக் சட்டத்தை ஒட்டினாலே இது தீரும். மாறாக, மிகப் பெரிய கொள்ளளவுள்ள சில 2.5 அங்குலத் தட்டுகள் 15 மிமீ தடிமன் உள்ளவை. அவற்றை எந்த மடிக்கணினியிலும் திணிக்க முயல வேண்டாம். மிகச் சிறிய மடிக்கணினிகள் சிலவற்றில் 1.8 அங்குலத் தட்டும் தாள் போன்ற மெல்லிய பட்டைக் கேபிளும் இருக்கும். அது தனி உலகம்.

தரவுக் கேபிளையும் ஐயப்படுங்கள். தட்டு நேரடியாகச் செருகப்படாமல் வளையும் பட்டை வழியாக இணைக்கப்படும் மாதிரிகளில், அந்தப் பட்டை மடிப்பில் தேய்ந்து விரிசல் விடுவதுண்டு. பழைய வன்தட்டை எப்படியோ தாங்கிவந்த அந்தப் பட்டை, அதிக வேகத்தில் பேசும் எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத தட்டு) வந்ததும் தடுமாறுகிறது; பழி புதிய தட்டின் மேல் விழுகிறது.

வேகத்தைப் பொறுத்தவரை சாட்டா முறை பின்னோக்கி ஒத்துவரும்படி வடிவமைக்கப்பட்டது. 6 ஜிகாபிட் தட்டு, 1.5 ஜிகாபிட் கணினியிலும் இயங்க வேண்டும். இருவரும் பேசி, குறைந்த வேகத்துக்கு இறங்கிக்கொள்வார்கள். ஆனால் வியா நிறுவனத்தின் விடி8237, விடி8237ஆர் போன்ற சில ஆரம்பகாலச் சில்லுகள் இந்தப் பேச்சுவார்த்தையைச் சரியாக நடத்துவதில்லை. அவற்றில் 3 ஜிகாபிட் தட்டைப் பொருத்தினால் அது தெரியவே தெரியாது. தட்டிலேயே வேகத்தை 1.5 ஜிகாபிட்டுக்குக் கட்டுப்படுத்தும் ஜம்பர் இருந்தால் போடலாம். இல்லையென்றால், வேகத்தைக் குறைத்து அமைத்துக்கொள்ளத் தட்டு உற்பத்தியாளர் தரும் கருவி உண்டா என்று பார்க்க வேண்டும். இரண்டும் இல்லாத தட்டு அந்தக் கணினிக்கு உண்மையிலேயே பொருந்தாது.

மின்தேவை குறித்தும் ஒரு சொல். 2.5 அங்குலத் தட்டுகள் 5 வோல்ட்டில் இயங்குபவை. எத்தனை ஆம்பியர் தேவை என்பது தட்டின் மேலுள்ள சீட்டிலேயே அச்சிடப்பட்டிருக்கும். பழைய தட்டின் சீட்டையும் புதியதன் சீட்டையும் அருகருகே வைத்து ஒப்பிடுங்கள். சுழலத் தொடங்கி, டிக் என்ற ஒலியோடு நின்று, மீண்டும் சுழலும் தட்டுக்கு மின்சாரம் போதவில்லை அல்லது தலைப்பகுதி பழுதாகிவிட்டது. அதே தட்டை யூஎஸ்பி உறையில் இட்டு வேறு கணினியில் சோதித்தால் இரண்டில் எது என்று தெரிந்துவிடும்.

வெளி வன்தட்டை உடைத்து உள்ளேயிருப்பதை எடுத்துப் பொருத்தலாம் என்று நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: சிலவற்றில் யூஎஸ்பி முனை தட்டின் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், சாட்டா முனையே இருக்காது. உறையைப் பிளந்த பிறகுதான் அது தெரியவரும்.

மூன்றாம் படி: பெயர் சரி, அளவு தவறு

அளவு தவறு என்று முடிவு செய்வதற்கு முன் ஒரு கணக்கைப் பார்த்துவிடலாம். தட்டு உற்பத்தியாளர்கள் ஒரு ஜிகாபைட்டை நூறு கோடி பைட்டாகக் கணக்கிடுகிறார்கள். விண்டோஸ் அதை 1024-இன் அடுக்குகளில் கணக்கிடுகிறது. ஆகவே 500 ஜிகாபைட் தட்டு 465 என்றும், ஒரு டெராபைட் தட்டு 931 என்றும் தெரிவது பழுதே அல்ல.

ஆனால் 250 அல்லது 500 ஜிகாபைட் தட்டு 137 என்றோ 128 என்றோ தெரிந்தால், அது தற்செயல் அல்ல. ஐடிஇ தட்டுகள் பின்பற்றிய பழைய ஏடிஏ முறை ஒவ்வொரு செக்டாரின் (தட்டில் தரவு எழுதப்படும் சிறு கூறு) முகவரியையும் 28 பிட்டுகளில் எழுதியது. 28 பிட்டுகளால் ஏறத்தாழ 26 கோடியே 84 லட்சம் செக்டார்களைத்தான் எண்ண முடியும். ஒரு செக்டார் 512 பைட் என்பதால், எல்லை சுமார் 137 ஜிகாபைட்டில் வந்து நிற்கிறது. 1024 கணக்கில் அதுவே 128. பின்னர் வந்த 48 பிட் முகவரி முறை இந்தச் சிக்கலைத் தீர்த்தது. ஆனால் பயாஸ், டிரைவர், இயங்குதளம் மூன்றும் அதை அறிந்திருக்க வேண்டும். விண்டோஸ் எக்ஸ்பி முதலில் வெளிவந்தபோது அதை அறிந்திருக்கவில்லை. சர்வீஸ் பேக் 1 வந்த பிறகே ஆதரவு கிடைத்தது.

இந்த எல்லையை வெறும் இட இழப்பாகக் கருதிவிடக் கூடாது. 48 பிட் முறையை அறியாத இயங்குதளம், வேறு கணினியில் முழு அளவுக்குப் பிரிக்கப்பட்ட தட்டில் 137 ஜிகாபைட்டைத் தாண்டி எழுத முயன்றால், முகவரியின் மேல் பிட்டுகள் உதிர்ந்து, எழுத்து தட்டின் தொடக்கத்துக்கே திரும்பி வந்து விழக்கூடும். தொடக்கத்தில் இருப்பதோ, தட்டு எப்படிப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது என்று சொல்லும் பார்ட்டிஷன் அட்டவணை. பல மாதங்கள் நன்றாக ஓடிய தட்டு, பாதிக்கு மேல் நிரம்பிய ஒரு நாளில் திடீரென்று வெறுமையாகத் தெரிவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

தீர்வு மூன்று வகையில் அமையும். முதலில், பயாஸுக்குப் புதுப்பிப்பு இருந்தால் அதைச் செய்யுங்கள். இல்லையென்றால், லினக்ஸ் போன்ற இயங்குதளம் துவங்கிய பின் பயாஸின் எண்ணிக்கையைப் பொருட்படுத்தாமல் தன் டிரைவர் மூலமே தட்டோடு பேசுவதால், முழு அளவும் அதற்குத் தெரியும். ஆனால் துவங்கும் வரை பயாஸ்தான் தட்டைப் படிக்கிறது. ஆகவே கெர்னல் (இயங்குதளத்தின் மையநிரல்) உள்ளிட்ட பூட் கோப்புகள் அனைத்தும் முதல் 137 ஜிகாபைட்டுக்குள் இருக்கும்படி, தட்டின் தொடக்கத்தில் ஒரு சிறிய பூட் பார்ட்டிஷனைத் தனியே உருவாக்க வேண்டும். இவை இரண்டும் இயலாதபோது, எல்லைக்குள் அடங்கும் 120 ஜிகாபைட் தட்டை வாங்கிவிடுவதே அமைதியான வழி. பயாஸை ஏமாற்றும் இடைநிரல்களைப் பூட் பகுதியில் நிறுவும் பழைய உத்தியை நான் பரிந்துரைப்பதில்லை. அந்த இடைநிரல் ஒரு நாள் அழிந்தால் தட்டிலுள்ள தரவைப் படிப்பதே பெரும் பாடாகிவிடும்.

இன்னும் பழைய கணினிகளில் 8.4 ஜிகாபைட்டிலும் 33.8 ஜிகாபைட்டிலும் இதேபோன்ற எல்லைகள் உண்டு. அவற்றில் சில, எல்லைக்கு மேற்பட்ட தட்டைக் கண்டதும் அளவைக் குறைத்துக் காட்டுவதற்குப் பதிலாகத் தொடக்கத் திரையிலேயே உறைந்து நின்றுவிடும். மேல் எல்லையில் 2.2 டெராபைட் நிற்கிறது. அது பயாஸின் குறை மட்டுமல்ல, எம்பிஆர் என்னும் பார்ட்டிஷன் அட்டவணை 32 பிட்டில் எண்ணுவதால் வருவது.

மேற்சொன்ன எண்கள் எதிலும் அடங்காமல், சில ஜிகாபைட் மட்டும் குறைந்து தெரிந்தால், வேறொரு கணினியில் இருந்தபோது தட்டின் இறுதியில் ஒரு மறைவிடம் ஒதுக்கப்பட்டிருக்கலாம். மீட்பு நிரல்களை வைப்பதற்காகச் சில உற்பத்தியாளர்கள் இப்படி ஒதுக்கினார்கள். லினக்ஸில் ஹெச்டிபார்ம் என்ற கருவி, தட்டின் உண்மையான செக்டார் எண்ணிக்கையையும் வெளியே காட்டப்படும் எண்ணிக்கையையும் அருகருகே காட்டும்.

நான்காம் படி: பயாஸே தடை சொன்னால்

சில மாதிரிகளில் தட்டு சரியாகத் தெரிந்தும், தொடங்கும்போதே எச்சரிக்கை வரும். நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு திங்க்பேட் டி43. அதன் சிப்செட் சாட்டா முறையிலும், தட்டு ஐடிஇ முறையிலும் இருக்க, இரண்டுக்கும் நடுவே ஒரு மாற்றுச்சில்லு அமர்ந்திருக்கிறது. அந்தச் சில்லோடு ஒத்துப்போகும் ஃபர்ம்வேர் (தட்டின் உள்நிரல்) உள்ள தட்டுகளை மட்டும் பயாஸ் ஏற்கிறது. மற்றவற்றுக்கு 2010 என்ற எண்ணோடு, இந்தத் தட்டு இக்கணினியில் சரியாக இயங்காமல் போகலாம் என்ற செய்தியைக் காட்டுகிறது. எஸ்கேப் விசையை அழுத்தினால் பூட் தொடரும்.

இத்தகைய செய்தி வந்தால், விசையை அழுத்தித் தொடர்ந்து, சில நாட்கள் கோப்புகளைப் பெரிய அளவில் நகலெடுத்துச் சோதித்துப் பாருங்கள். பிழை எதுவும் வரவில்லை என்றால், ஒவ்வொரு முறையும் ஒரு விசையை அழுத்துவது தாங்கக்கூடிய தொல்லைதான். அந்தச் செய்தியை நீக்குவதற்காக யாரோ திருத்திய பயாஸை ஏற்றுவது, என் கருத்தில், ஆதாயத்தைவிட ஆபத்து மிகுந்த செயல். பாதியில் நின்றுபோன பயாஸ் ஏற்றம் தாய்ப்பலகையையே முடக்கிவிடும். உற்பத்தியாளர் வெளியிட்ட புதுப்பிப்பாக இருந்தாலும், மின்கலம் நிறைந்திருக்க, மின்கம்பியும் இணைந்திருக்கும்போது மட்டுமே செய்யுங்கள்.

தட்டு கடவுச்சொல் கேட்பதும் தடையின் ஒரு வகையே. வேறொரு மடிக்கணினியில் வன்தட்டுக்குக் கடவுச்சொல் இடப்பட்டிருந்தால், அது தட்டிலேயே பதிந்திருக்கும். பயாஸ் மின்கலத்தைக் கழற்றுவதால் அது போகாது. சரியான கடவுச்சொல்லை அறிந்திருந்தாலும், ஒவ்வொரு உற்பத்தியாளரின் பயாஸும் அதைத் தட்டுக்கு அனுப்பும் விதம் மாறக்கூடும் என்பதால், பழைய கணினியில் இருக்கும்போதே அதை நீக்கிவிட்டுத் தட்டைக் கழற்றுவதுதான் முறை.

ஐந்தாம் படி: தட்டு தெரிகிறது, இயங்குதளம் துவங்கவில்லை

இங்கே அடிக்கடி எதிர்ப்படுவது 7பி என்று முடியும் நீலத்திரை. பூட் தட்டை அணுக முடியவில்லை என்பது அதன் பொருள். சாட்டா தட்டோடு பேச பயாஸ் இரண்டு முறைகளைத் தரும்: பழைய ஐடிஇ போல நடிக்கும் முறை, ஏஹெச்சிஐ என்னும் புதிய முறை. ஒரு முறையில் நிறுவிய விண்டோஸை மற்றொரு முறைக்கு மாற்றினால், தேவையான டிரைவர் துவக்கத்தில் இயங்காமல் நீலத்திரை வருகிறது. எக்ஸ்பியில் ஏஹெச்சிஐ டிரைவர் உள்ளமைந்தே வருவதில்லை. ஆகவே அதற்கு ஐடிஇ முறையே எளிது. விண்டோஸ் 7-இல் டிரைவர் உண்டு, ஆனால் உறங்கிக்கொண்டிருக்கும். பழைய முறையில் துவங்கி, ரெஜிஸ்ட்ரியில் எம்எஸ்ஏஹெச்சிஐ என்ற சேவையின் ஸ்டார்ட் மதிப்பை 0 என்று மாற்றி, அதன் பிறகு பயாஸில் முறையை மாற்ற வேண்டும். விண்டோஸ் 8-உம் 10-உம் என்றால், அடுத்த துவக்கம் சேஃப் மோடில் நிகழும்படி அமைத்து, பயாஸை மாற்றி, சேஃப் மோடில் ஒருமுறை துவங்கினாலே டிரைவர் விழித்துக்கொள்ளும்.

பழைய மடிக்கணினிகளுக்கே உரிய ஒரு கண்ணி இங்கே இருக்கிறது. பயாஸ் அமைப்புகளை நினைவில் வைத்திருக்கும் பொத்தான் மின்கலம் தீர்ந்துவிட்டால், மின்சாரம் முழுதும் துண்டிக்கப்படும் ஒவ்வொரு முறையும் சாட்டா முறை தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பிவிடும். தட்டை மாற்றுவதற்காக மின்கலத்தைக் கழற்றினோம், பொருத்தினோம், நீலத்திரை வந்தது. பழி தட்டின் மேல். கணினியின் தேதியைப் பாருங்கள். பல ஆண்டுகள் பின்னோக்கிப் போயிருந்தால், முதலில் மாற்ற வேண்டியது அந்தச் சிறு மின்கலம்.

நீலத்திரை இல்லாமல், இயங்குதளமே காணவில்லை என்ற செய்தி மட்டும் வந்தால் பார்ட்டிஷன் அட்டவணையைப் பாருங்கள். புதிய கணினியில் தயாரான தட்டில் ஜிபிடி என்னும் புதிய வகைப் பார்ட்டிஷன் அட்டவணை இருக்கும். யூஈஎஃப்ஐ (பயாஸுக்குப் பதிலாக வந்த புதிய முறை) இல்லாத பழைய பயாஸில் விண்டோஸ் அதிலிருந்து துவங்காது. தட்டை எம்பிஆர் முறைக்கு மாற்றி, பூட் பார்ட்டிஷனுக்குச் செயல்நிலைக் குறியிட்ட பின் நிறுவ வேண்டும். மாற்றும்போது தரவு அழியும் என்பதை மறக்க வேண்டாம். லினக்ஸ் என்றால், ஒரு மெகாபைட் அளவில் கிரப் என்னும் துவக்க நிரலுக்கெனத் தனிப் பார்ட்டிஷன் ஒதுக்கி, ஜிபிடியிலிருந்தே துவக்க முடியும்.

பழைய தட்டின் நகலை எடுத்துப் பொருத்தியிருந்தால், முதல் துவக்கத்தின்போது பழைய தட்டு யூஎஸ்பி வழியாகக்கூட இணைந்திருக்கக் கூடாது. இரண்டிலும் ஒரே அடையாள எண் இருப்பதால் விண்டோஸ் குழம்பும்.

ஆறாம் படி: துவங்குகிறது, ஆனால் தவழ்கிறது

2011-ஐ ஒட்டி, தட்டுகளின் உள்ளே செக்டார் அளவு 512 பைட்டிலிருந்து 4096 பைட்டுக்கு மாறியது. வெளியே அவை இன்னும் 512 என்றே காட்டிக்கொள்கின்றன. எக்ஸ்பி தன் முதல் பார்ட்டிஷனை 63-ஆம் செக்டாரில் தொடங்கும்; அது எட்டால் வகுபடாத எண் என்பதால், ஒவ்வொரு 4 கிலோபைட் எழுத்தும் இரண்டு உண்மைச் செக்டார்களின் மேல் பாதி பாதியாக விழுகிறது. தட்டு ஒவ்வொன்றையும் படித்து, திருத்தி, மறுபடி எழுத வேண்டியிருப்பதால் வேகம் விழுகிறது. பார்ட்டிஷனை விஸ்டா அல்லது அதற்குப் பிந்தைய கருவியால் 2048-ஆம் செக்டாரில் தொடங்கும்படி முன்கூட்டியே உருவாக்கிவிட்டு, அதில் எக்ஸ்பியை நிறுவினால் இந்தத் தொல்லை இல்லை.

எக்ஸ்பியில் மற்றொரு காரணமும் உண்டு. தரவுப் பரிமாற்றத்தில் பிழைகள் சேரச் சேர, அது தட்டை வேகமான டிஎம்ஏ முறையிலிருந்து மெதுவான பிஐஓ முறைக்கு இறக்கிவிடும். பிறகு தானாக ஏற்றாது. டிவைஸ் மேனேஜரில் அந்த ஐடிஇ சேனலை நீக்கிவிட்டு மறுதுவக்கம் செய்தால் மீண்டும் ஏறும்.

பிழைகள் ஏன் சேர்ந்தன என்பதற்குத் தட்டு தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பதிவு விடை சொல்லும். 5, 197, 198 ஆகிய எண்களுக்கு எதிரே உள்ள மூல மதிப்புகள் கூடிக்கொண்டே போனால் தட்டின் பரப்பு சிதைகிறது, உடனே நகலெடுங்கள். 199 மட்டும் கூடினால் தட்டு நலமாக இருக்கிறது, கேபிளோ இணைப்பியோதான் குற்றவாளி. பிற எண்களைப் பற்றி இந்த வேலைக்காகக் கவலைப்பட வேண்டியதில்லை.

ஏழாம் படி: மாற்றுத் தட்டைத் தேர்ந்தெடுத்தல்

சாட்டா மடிக்கணினி என்றால் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டியே சிறந்த தேர்வு. 1.5 ஜிகாபிட் வழியில் நொடிக்கு 150 மெகாபைட்டுக்கு மேல் செல்ல முடியாவிட்டாலும், தேடும் நேரம் ஏறத்தாழ இல்லாமல் போவதே பயனரின் கைக்குத் தெரியும் மாற்றம். ஐடிஇ மடிக்கணினிக்கு, சிறு அட்டை வடிவிலான எம்சாட்டா எஸ்எஸ்டியை 44 பின் இணைப்பாக மாற்றித் தரும் 2.5 அங்குலச் சட்டங்கள் கிடைக்கின்றன. ஆனால் 137 ஜிகாபைட் எல்லை அங்கேயும் தொடரும் என்பதால், வாங்குமுன் மூன்றாம் படியை ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.

உள்ளே மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் குழி ஒன்று காலியாக இருப்பதைப் பார்த்து எம்சாட்டா அட்டையை வாங்கிவிட வேண்டாம். இரண்டுக்கும் வடிவம் ஒன்றே. ஆனால் அந்தக் குழிக்கு சாட்டா கம்பிகள் வந்திருந்தால் மட்டுமே அட்டை இயங்கும். என்விஎம்இ என்னும் புதிய வகை எஸ்எஸ்டிகளை மாற்றிகள் வழியாகப் பழைய கணினியில் இணைக்க முடிந்தாலும், அதிலிருந்து துவங்க அந்தக் கால பயாஸுக்குத் தெரியாது.

புதிய தட்டு துவங்கிய பிறகும் பழைய தட்டை உடனே அழித்துவிடாமல், அதன் மேல் தேதியை எழுதி, சில வாரங்கள் அப்படியே வைத்திருங்கள். 137 ஜிகாபைட் எல்லை போன்ற பழுதுகள் தட்டு நிரம்பும்போதுதான் முகம் காட்டும்.